உடையாத பார்லி

பாகோ ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதே அஷ்ஃபாக் கையை விரித்துவிட்டான்.

“அக்கா, பெட்ரோல் போறதுக்கு இருக்கு. வர்றதுக்கு இல்லை.”

“போய்ச் சேரு. வர்றதை அப்புறம் பாத்துக்கலாம்,” என்றாள் பின் சீட்டிலிருந்த கமலாட்சி.

“எங்க பாட்டனாரும் அதிராம்பட்டினத்துல பர்மாவுக்குக் கப்பல் ஏறும்போது இதையேதான் சொன்னாராம். மூணு தலைமுறையா வர்றதைப் பாத்துக்கிட்டே இருக்கோம்.”

வேறு நாளாயிருந்தால் கமலாட்சி சிரித்திருப்பாள். இன்றைக்கு முன் சீட்டில் பரீதா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மகனுடைய சட்டை, லுங்கி, பல் தேய்க்கிற பிரஷ். காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “சாயந்திரம் லாரி வருது. போற இடத்துல அவங்களே உடுப்புக் குடுப்பாங்க,” என்று வாசலில் நின்றவன் சொன்னானாம். இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறான். என்ன உடுப்பு என்று அவள் கேட்கவில்லை. பையன்களைப் பிடித்துப் பட்டாளத்துக்கு அனுப்புகிற இந்த ஊரில், இளவயசுப் பிள்ளையை வைத்திருக்கிற எந்தத் தாயும் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

பாலத்துக்கு அந்தப்புறம் மணல் மூட்டைக் காவல். அஷ்ஃபாக் கண்ணாடியை இறக்கி, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்து, கேட்ட காகிதத்தைக் காட்டி, கேட்காத சிகரெட் பாக்கெட்டையும் நீட்டினான். வண்டி நகர்ந்ததும் அந்தச் சிரிப்பை அணைத்துவிட்டான். டாக்ஸிக்காரனுக்கு அது ஹெட்லைட் மாதிரி, தேவைக்கு மட்டும்.

கமலாட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் வெகுகாலம் வேலை பார்த்தவள். உடைந்து வரும் சரக்கைப் பார்த்து, அது கடலில் உடைந்ததா, கிரேனில் உடைந்ததா, இல்லை வேண்டுமென்றே உடைத்ததா என்று சொல்லுகிற வேலை. கம்பெனி மூடிய பிறகு மனிதர்களைத் தேடித் தருகிறாள். இந்தச் சில வருஷங்களில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. அஷ்ஃபாக்தான் அவளுக்குக் கால், வண்டி, தேவைப்பட்டால் வாய்.

“மாமி, இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றான் அவன். பரீதா பேசிக்கொண்டே இருந்தால் நல்லது என்று அவனுக்குத் தோன்றியது.

“என்னத்தைச் சொல்ல? அவனும் அவன் கூட்டாளியும் சேர்ந்து பீர் காய்ச்சினாங்க. நான் திட்டாத நாள் இல்லை. ‘உம்மா, நான் குடிக்கலை, மிஷின்தான் செய்றேன்’பான். அந்த விநாயகமூர்த்திக்கு ஓட்டல் வேலை போச்சு. இவனுக்கு ஏசி ரிப்பேர் வேலை படுத்துப்போச்சு. கரண்ட்டே இல்லாத ஊர்ல எவன் ஏசி போடுறான்? ரெண்டு பேரும் பழைய சாமானை வாங்கி வாங்கி அந்த ஷெட்டுல ஒட்டிக்கிட்டுக் கிடந்தாங்க.” பையை இறுக்கிக்கொண்டாள். “அன்னைக்கு அவன் வீட்டுல படுத்துக் கிடந்தான் அஷ்ஃபாக். வயித்துவலி. நான்தான் கஷாயம் போட்டுக் குடுத்தேன். ஸ்டேஷன்ல சொன்னேன். பெத்தவ சொல்லு செல்லாதாம்.”

நடந்தது இதுதான். முந்தாநாள் காலை, பாலம் தாண்டி வருகிற தன்லியினில் ஒரு மாட்டுக்கொட்டில் பக்கத்து ஷெட்டில், கதவும் ஜன்னலும் சாத்திய நிலையில் விநாயகமூர்த்தி செத்துக் கிடந்தான். பக்கத்தில் கரியடுப்பு எரிந்து அணைந்திருந்தது. பின்மண்டையில் அடி. ஆனால் ஆஸ்பத்திரியில் பிணவறைக்காரன் கமலாட்சியிடம் மெதுவாகச் சொன்னது வேறு: அடி கொல்லவில்லை, புகைதான் கொன்றது. அடிபட்டவன் மூச்சோடுதான் கிடந்திருக்கிறான்.

போலீஸ் கணக்கு சுருக்கமானது. ஷெட்டிலிருந்த ஐஸ் பெட்டி நிறைய ஊறல் இருக்கிறது, அப்படியென்றால் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற தண்ணீரை ஒருவன் ஊற்ற வேண்டும், இன்னொருவன் தானியத்தைக் கிளற வேண்டும். இது இருவர் வேலை. இரண்டாவது ஆள் யார் என்று வார்டுக்கே தெரியும். பரீதாவின் மகன் தவ்ஹீத்தை அன்றைக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

தன்லியினில், ஷெட்டை ஒட்டிய வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். செத்தவனின் அண்ணன் அப்பாசாமி. கோவில் விசேஷங்களுக்கு அண்டா அண்டாவாகச் சமைக்கிறவர். உள்ளங்கை இரண்டும் தோசைக்கல் மாதிரி காய்த்திருந்தன. அழுதழுது கண் சுருங்கிப் போயிருந்தது.

“கார்ல ஒரு அம்மா இருக்காங்களே, உள்ள வரச் சொல்லலாமே? வெயில் கொல்லுது.”

“அவங்களுக்கு முடியலை அண்ணே, அங்கேயே இருக்கட்டும். ஷெட்டை ஒரு தடவை பாக்கலாமா?”

“போலீஸ் பாத்தாச்சு அக்கா. நீங்க யாரு அனுப்பி…”

“மலேசியாவுல இருக்கிற அவர் சம்சாரத்துக்கு யாராவது விவரம் சொல்லணுமில்ல?” என்றாள் கமலாட்சி. பொய்யில்லை, யாராவது சொல்லத்தான் வேண்டும்.

அவர் மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்தார். போகிற வழியில் கூடத்துச் சுவரில் ஒரு பையனின் படம் மாட்டியிருந்தது, அரும்பு மீசையோடு.

“பையனா அண்ணே?” என்றான் அஷ்ஃபாக்.

“ஆமா. தயாளன். வெளியூர்ல இருக்கான்.”

இந்த நாளில் வெளியூர் என்றால் மேலே கேட்கக் கூடாது. அஷ்ஃபாக்கும் கேட்கவில்லை.

ஷெட்டைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அறைந்தது.

“யா அல்லாஹ்! எங்க வீட்டு ங்கபி மீன்பசை ஜாடி இதுக்கு முன்னால அத்தர் பாட்டில்,” என்றான் அஷ்ஃபாக், தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

“வாயால மூச்சு விடு. அப்படியே வாயை மூடு.”

“ரெண்டையும் ஒரே நேரத்துல எப்படிக்கா?”

அப்பாசாமி உள்ளே வரவில்லை. கொட்டில் பக்கம் போய்விட்டார்.

மூலையில் ஒரு நீல ஐஸ் பெட்டி, மீன் வியாபாரி வைத்திருப்பது போலப் பெரியது. அடியில் ஒரு குழாய்த் திருகு. அதற்கு மேலே பலகையில், ஓட்டலிலிருந்து வந்திருக்கக்கூடிய எவர்சில்வர் அண்டா. இந்தப்பக்கம் மரச்சட்டத்தில் இரண்டு இரும்பு உருளை, கையால் சுற்றும் சக்கரத்தோடு. உருளை ஒன்றின் முனையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“இது கரும்புச்சாறு பிழியிற மிஷின்தானே?” என்றாள் கமலாட்சி.

“இருந்துச்சு. நம்ம தவ்ஹீத் அதைப் பார்லி உடைக்கிற மிஷினா மாத்திட்டான்.” அஷ்ஃபாக்கின் குரலில் கொஞ்சம் பெருமை. “என் டாக்ஸியில ஏறினா இதைத்தான் பேசுவான். மீட்டர் போட்டிருந்தா நான் இன்னொரு வண்டி வாங்கியிருப்பேன். இந்த ஐஸ் பெட்டி எதுக்குன்னா, சூடு இறங்காம இருக்கணும். வெந்நீரும் பார்லியும் ஒரு மணி நேரம் உள்ள ஊறணும். கொதிக்கக் கூடாது, ஆறவும் கூடாது. அடியில செம்புக் குழாயில ரம்பத்தால கீறிக் கீறி விட்டிருப்பான், தண்ணி மட்டும் வடியிற மாதிரி. அப்புறம் அந்தத் தண்ணியைக் காய்ச்சி, செம்புச் சுருளை முக்கி ஆறவைக்கணும். சுருளைக் காணோமே?”

“போலீஸ் எடுத்துட்டுப் போயிருக்காங்க. சாராயக் குழாய்னு.”

“ஏசியிலிருந்து கழட்டினதுக்கா. அதுக்குள்ள பச்சைத்தண்ணி மட்டும்தான் ஓடும். இப்படிப்பட்ட அறிவாளிங்க கையில அந்தப் பையன்…” முடிக்காமல் விட்டான்.

கமலாட்சி உருளைகளுக்கு முன்னால் குனிந்தாள். இரண்டு உருளைக்கும் நடுவில் ஏதோ செருகியிருந்தது. ஒரு பேங்க் கார்டு.

“இது என்ன?”

“இடைவெளிக்குக்கா. அந்தக் கார்டு கனத்துக்குத்தான் உருளை நடுவுல சந்து இருக்கணும். பார்லி உடையணும், மாவாகக் கூடாது. உமி முழுசா நிக்கணும், அதுதான் சல்லடையாம். உடைச்சு முடிஞ்சதும் சந்துலயே கார்டை விட்டுருவான், யாராவது திருகை மாத்திடப் போறாங்கன்னு. பேங்க்ல பணம் குடுக்கிறதை நிறுத்தின பிறகு அந்தக் கார்டு செஞ்ச ஒரே உருப்படியான வேலை.”

“கார்டு உள்ள இருக்கும்போது மிஷின் ஓடுமா?”

“எப்படி ஓடும்?”

“பெட்டியைத் திற.”

அஷ்ஃபாக் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினான். உள்ளே தானியம் ஊறிப் புளித்து உப்பி, மேலே ஆடை கட்டியிருந்தது. கமலாட்சி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். வெளிச்சத்தில் நீட்டினாள். ஒவ்வொன்றும் முழுசு முழுசாக, மழையில் நனைந்த விதை நெல் மாதிரி.

“அக்கா…” என்றான் அஷ்ஃபாக்.

“சொல்லு.”

“இதை உடைக்கவே இல்லை. உடைக்காம ஊறப்போட்டா ஒண்ணும் இறங்காது. பீரும் வராது, ஒரு மண்ணும் வராது. தவ்ஹீத் தூக்கத்துல கூட இப்படிச் செய்ய மாட்டான். செத்துப்போன மனுஷனும் செய்ய மாட்டார். இந்த மிஷினுக்காகத்தானே ரெண்டு பேரும் ஒரு மழைக்காலம் முழுக்க இங்கேயே கிடந்தாங்க!”

“அப்ப இங்க பீர் காய்ச்சலை. காய்ச்சின மாதிரி காட்டியிருக்காங்க.”

அஷ்ஃபாக் வாசலுக்கு ஓடினான், பரீதாவிடம் சொல்ல. கமலாட்சி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். போனை எடுத்து ஸ்டேஷன் அதிகாரியைக் கூப்பிட்டு, பர்மிய மொழியில் “ஸயா, ஸயா” என்று மரியாதையாக எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப்பக்கம் அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, அவரும் மரியாதைக்கு ‘டோ’ போட்டுச் சொன்னார்: “டோ கமலா, எனக்குப் பார்லி வேண்டாம். ஆள் வேண்டும். லாரி வருமுன் ஆளோடு வாருங்கள்.”

போன் அடங்கியது. ஷெட்டுக்குள் ஈ ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

“ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்,” என்றான் அஷ்ஃபாக், குரலைத் தாழ்த்தி. “வார்டு ஆபீஸ்காரன் ஒருத்தன். தினம் இங்கதான் ஓசியில குடிப்பானாம், தவ்ஹீத் சொல்லியிருக்கான். விநாயகமூர்த்தி அவனைப் பக்கத்துல உக்கார வெச்சு ஊத்தி ஊத்திக் குடுப்பாராம். அவன் தயவு இல்லாம இந்தத் தொழில் நடக்காதில்ல?”

“ஓசியில கிடைக்கிற பீரை எவனாவது கொல்லுவானா?”

“அதுவும் சரிதான். நானா இருந்தா நூறு வயசு இருக்கட்டும்னு துவா கேப்பேன்.”

வெளியே வந்தார்கள். கொட்டிலில் ஒற்றைப் பசுமாடு. அதன் முன்னால் ஒரு மூங்கில் கூடை. அதில் பழைய பார்லிச் சக்கை கொஞ்சம் ஒட்டிக் கிடந்தது. பீர் காய்ச்சி முடித்ததும் சக்கையை அந்தக் கூடையில்தான் தட்டுவார்கள் போலிருக்கிறது. கமலாட்சி அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள். எல்லாம் உடைந்த பார்லி, வெறும் உமி.

அடுத்தாற்போல் சிமெண்டுத் தொட்டி, மாடு தண்ணீர் குடிப்பதற்கு. குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தொட்டியின் உள்பக்கம், தண்ணீர் முன்பு நின்ற மட்டத்தில், சுற்றிலும் ஒட்டிக் காய்ந்து கிடந்தது பார்லி. முழுப் பார்லி.

“மாடு கூடையில தின்னுட்டு இங்க வந்து துப்பியிருக்குமோ?” என்றான் அஷ்ஃபாக்.

“உடைஞ்ச பார்லியைத் தின்னுட்டு முழுப் பார்லியாத் துப்புற மாட்டைக் காட்டு, உனக்குப் பெட்ரோல் வாங்கித் தர்றேன்.” அவள் ஒரு மணியை நகத்தால் பெயர்த்தாள். “அஷ்ஃபாக், தவ்ஹீத் பார்லியைக் கழுவுவானா?”

“கழுவுறதா? ஈரக் கையோட சாக்கைத் தொட்டாலே கத்துவான். நனைஞ்சா உருளையில பசை மாதிரி அப்பிக்குமாம். ஏன்கா?”

அவள் பதில் சொல்லவில்லை. தூரத்தில் தெரிந்த காரைப் பார்த்தாள். முன் சீட்டில் பரீதாவின் முக்காடு அசையாமல் இருந்தது. பிறகு கொட்டில் நிழலில் குந்தியிருந்த அப்பாசாமியைப் பார்த்தாள். துறைமுகத்தில் உடைந்த பெட்டியை முதன்முதலாகப் பார்க்கிறபோது அவள் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது.

“அண்ணே,” என்றாள். “கேக்கவே சங்கடமா இருக்கு. கார்ல இருக்கிற அந்த அம்மா ரெண்டு நாளாப் பச்சைத்தண்ணி பல்லுல படலை. மயக்கமா வருதுங்கிறாங்க. ஒரு வாய் கஞ்சி கிடைக்குமா?”

அஷ்ஃபாக் திகைத்தான். சாவு வீட்டில் போய்ச் சாப்பாடு கேட்பதா? ஆனால் அப்பாசாமி சட்டென்று எழுந்தார். பசி என்ற வார்த்தை அவரை எழுப்பிவிட்டது. ஊருக்கே பொங்கிப் போட்ட உடம்பு அது.

“இதுல என்னக்கா சங்கடம்? வீட்டு அடுப்பைத்தான் மூட்டக் கூடாது. வெளியில கல்லுக் கூட்டிக் காய்ச்சிடுறேன். நொய்யரிசி இருக்கு, சீக்கிரம் வெந்துரும்.”

மூன்று கல்லைக் கூட்டினார். சுள்ளி பற்றவைத்தார். பானையில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் வட்டமாக, ஒரே சீராகக் களைந்தார். பேச்சு வேறெங்கோ இருந்தது. தம்பி சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு மாட்ட முடியாமல் அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே பானையைத் தூக்கினார். பேசிக்கொண்டே கொட்டிலுக்கு நடந்தார். பானை வாயில் கையை அணைகொடுத்து, களைந்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் சாய்த்தார். விரலிடுக்கில் தப்பிய நாலைந்து அரிசி வெள்ளைத் தண்ணீரோடு வழுக்கி விழுந்து தொட்டி ஓரத்தில் ஒட்டின. அவர் தொட்டியைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்க வேண்டிய அவசியமில்லை. எத்தனையோ வருஷமாக அந்தக் கைக்கு வழி தெரியும்.

மாடு மட்டும் கழுத்தை நீட்டிக் குடித்தது.

அஷ்ஃபாக் தொட்டி ஓரத்து அரிசியைப் பார்த்தான். கமலாட்சியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்று அர்த்தம். பேசாதே என்றும் அர்த்தம்.

கஞ்சி கொதித்தது. அப்பாசாமி உப்புப் போட்டு, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சூடு தாங்கத் துண்டைச் சுற்றி, தானே எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள்.

“இந்தாங்கம்மா. ஊதிக் குடிங்க.”

பரீதா மறுக்கத்தான் பார்த்தாள். வாசனை வந்ததும் கை தானாக நீண்டது. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்குக் கிண்ணத்தை உயர்த்தியவள் அப்படியே மடியில் இறக்கிவிட்டாள்.

“என்னம்மா, உப்பு ஜாஸ்தியா?”

“இல்லைண்ணே. என் பிள்ளை என்ன சாப்பிட்டானோன்னு நினைச்சேன். அவனுக்கு வயிறு சரியில்லை. இந்த மாதிரிக் கஞ்சிதான் ஆகும்.”

“பிள்ளை எங்கம்மா இருக்கான்?”

“ஸ்டேஷன்ல. சாயந்திரம் லாரியில ஏத்திடுவாங்க.” அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “தவ்ஹீத். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, இங்கதான் வந்துக்கிட்டிருப்பான். நீங்களே சொல்லுங்கண்ணே, அவனா உங்க தம்பியைக் கொல்லுவான்?”

அப்பாசாமி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். இரும்பு கொதிக்கிற வெயில் அது. கையை எடுக்கவில்லை.

“அண்ணே,” என்றாள் கமலாட்சி, மெல்ல. “இப்படி வாங்க.”

வேலியோரம் நின்றார்கள். அவள் உள்ளங்கையை விரித்தாள். காய்ந்த பார்லி மணி.

“உங்க தொட்டியில இருந்துச்சு. பீர் காய்ச்சுறவங்க பார்லியை உடைப்பாங்க, கழுவ மாட்டாங்க. சோறாக்குறவங்கதான் கழுவுவாங்க. கழுவின தண்ணியை வீணாக்காம மாட்டுக்கு ஊத்துவாங்க. இந்த வாசலுக்குள்ள சோறாக்குறது நீங்க ஒருத்தர்தானே?”

அவர் மணியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் புரட்டிப் பார்த்தார், அது யாருடையது என்று தெரியாதவர் போல.

“கழுவினேனா?” என்றார். “எனக்கு ஞாபகமே இல்லையேக்கா.”

“தயாளன் எங்கண்ணே?”

அந்தப் பேரைக் கேட்டதும் மனுஷன் வேலியோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“பட்டாளத்துக் குலுக்கல்ல பேர் விழுந்துச்சு. த்வாண்டேயில பானை செய்றவர் ஒருத்தர், நம்ம கோவிலுக்குப் பானை குடுக்கிறவர், அவர் வீட்டுல ஒளிச்சு வெச்சேன். சூளைக்குப் பின்னால. எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். போன வாரம் நேரா அங்கேயே போய் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. இங்க அங்க தேடக்கூட இல்லை. நேரா சூளைக்குப் பின்னால.”

“தம்பிதான் சொன்னாரா?”

“கேக்கத்தான் போனேன் அக்கா, சத்தியமா. ‘அந்த வார்டுக்காரனுக்கு ஊத்திக் குடுத்துக்கிட்டே பேச்சுவாக்குல வாய்விட்டுட்டேன், மன்னிச்சிடு’ன்னான். பேச்சுவாக்குல! தலையைக் குனிஞ்சுக்கிட்டு அந்த மிஷினைத் துடைச்சுக்கிட்டே சொன்னான். தள்ளினேன். இரும்புல போய் விழுந்தான். எழுந்திருக்கலை.” மூச்சை இழுத்துக்கொண்டார். “பயந்துட்டேன். தினம் அவன் செய்றதைச் சன்னல் வழியாப் பாத்திருக்கேன். தண்ணி சுட வெப்பான், பெட்டியில பார்லியைக் கொட்டுவான், ஊத்துவான். அதையே செஞ்சு வெச்சா, வேலை பாக்கும்போது தானா விழுந்துட்டான்னு நினைப்பாங்கன்னு… அடுப்பை அப்படியே விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். அந்தப் பையனைப் புடிப்பாங்கன்னு நான் கண்டேனா?”

“புடிச்ச பிறகு தெரியுமே அண்ணே,” என்றான் அஷ்ஃபாக். அவன் குரல் அவனுக்கே புதிதாயிருந்தது.

“தெரியும்.” அவர் காரைப் பார்த்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பரீதா அப்படியே உட்கார்ந்திருந்தாள். “எனக்கு வந்தது எவனுக்கோ வரட்டும்னு இருந்தேன். பெத்தவளைக் கண்ணால பாக்கலை, பாருங்க. பாக்காத வரைக்கும் இருக்க முடிஞ்சுது.”

எழுந்தார். அடுப்புச் சுள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். மாட்டுக் கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர் கமலாட்சியின் முன்னால் நின்றார்.

“அக்கா, ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிச்சிருப்பீங்க. விழுந்த உடனேயே போயிட்டான், இல்லையா? கஷ்டப்படலையே?”

அஷ்ஃபாக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கரியடுப்பும் சாத்திய கதவும் அவன் கண்ணில் நின்றன. நாளைக்கோ மறுநாளோ கோர்ட்டில் யாராவது இந்த மனிதருக்கு அதைப் படித்துக் காட்டத்தான் போகிறார்கள்.

“நேரமாச்சு அண்ணே,” என்றாள் கமலாட்சி. “வண்டியில ஏறுங்க.”

அவர் பின் சீட்டில் ஏறினார். தான் யாரோடு போகிறோம் என்று பரீதாவுக்கு அப்போதும் தெரியாது. பாதி வழியில் கமலாட்சி சொன்னாள், இரண்டே வாக்கியத்தில். பரீதா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் அந்தக் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. கீழே வைக்கவும் இல்லை, வெளியே எறியவும் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் தார்ப்பாய் போட்ட லாரி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் இளைஞர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், ஒருவன் தோளை ஒருவன் பிடித்தபடி. நாலாவது ஆள் தவ்ஹீத்.

அப்பாசாமி இறங்கினார். படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

“நீங்க காணாமப் போனவங்களைத் தேடிக் குடுக்கிறவங்கன்னு இந்தத் தம்பி வண்டியில சொல்லிச்சு.”

“ஆமா அண்ணே.”

“தயாளன். வலது முழங்கையில தீக்காயம் இருக்கும். என்கூட அண்டா தூக்கும்போது பட்டது.” கேட்கலாமா என்று தெரியாமல் நின்றார். அவருக்குக் கேட்கிற உரிமை எங்கே போனதென்று அவருக்கே தெரியும். உள்ளே போனார்.

பிறகு உள்ளே பேச்சு, சத்தம், மறுபடி பேச்சு. லாரிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். வரிசை எழுந்து நின்றது. முதல் ஆள் ஏறினான். இரண்டாவது ஆள் ஏறினான். மூன்றாவது ஆள் ஏறும்போது அதிகாரி வாசலுக்கு வந்து, விரலை நீட்டி, தவ்ஹீத்தைத் தனியே நிற்கச் சொன்னார்.

மற்றவர்கள் ஏறினார்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள்.

தவ்ஹீத் தாயிடம் வந்தான். பரீதா பையிலிருந்து சட்டையை எடுத்து, நடுத்தெருவில், சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி ஒவ்வொரு கையாக நுழைத்துவிட்டாள். கடைசிப் பட்டனையும் போட்டுவிட்டுத்தான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. கமலாட்சி அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஷ்ஃபாக், இவங்களை வீட்டுல விட்டுட்டு, த்வாண்டே வரைக்கும் போக வண்டியில பெட்ரோல் இருக்கா?”

“இருக்குக்கா,” என்றான் அஷ்ஃபாக். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறதென்று அவன் பார்க்கவேயில்லை.